ரெண்டு கையும் ஹேண்டில்ல

உக்காரு தாயி, உக்காரு. நான் கொஞ்சம் தள்ளிக்கறேன். அந்தத் தூக்குச் சட்டிய எங்கிட்ட குடு, மடியில வெச்சுக்கறேன். இந்த டிரைவர் ஓட்டற ஓட்டுக்கு ரசம் சட்டியில இருக்காது, உன் சேலையிலதான் இருக்கும். ரசந்தானே? மெளகு வாசனை வருது. பெரியாஸ்பத்திரிக்கா? யாருக்கு? அம்மாவுக்கா. பித்தப்பைக் கல்லா? அடப் போ, அதெல்லாம் ஒரு சீக்கா. எடுத்துக் கடாசிட்டா நாளைக்கே எந்திரிச்சு உக்காந்து உன்னத் திட்ட ஆரம்பிச்சிருவாங்க.

நானா? நானும் அங்கதான். எறங்கறதா வேணாமான்னு இன்னும் முடிவு பண்ணல. சிரிக்காத. நேத்தும் இதே பஸ்லதான் வந்தேன், முந்தாநேத்தும் வந்தேன். ஆஸ்பத்திரி வரும், சனமெல்லாம் எறங்கும், நான் உக்காந்தே இருப்பேன். கடைசி ஸ்டாப்பு வரைக்கும் போயி, பாசார்ல ரெண்டு கத்தரிக்கா வாங்கிக்கிட்டு வீட்டுக்குத் திரும்பிருவேன். அந்தக் கண்டக்டர் என்னைப் பைத்தியம்னு நெனச்சிருக்கான். நெனச்சுக்கட்டும்.

அங்க ஒருத்தன் கெடக்கறான். ஆம்பள வார்டுல, சன்னலோரக் கட்டில்ல. சொந்தக்காரன் இல்ல. எதிரி. வேலிச் சண்ட, கோழிச் சண்டன்னு நெனச்சுக்காத, என் புருசனக் கொன்னவன். இந்த முப்பது வருசமா நான் அவனப் பழிவாங்கிக்கிட்டு இருக்கேன்.

ஏன் நகர்ற? பயந்துட்டியா? அட, நல்லா உக்காரு. நான் ஒருத்தர் மேலயும் கை வெச்சவ இல்ல. அகிம்சைக்காரி நானு. வடமலை அண்ணன் கையில சத்தியம் பண்ணிக் குடுத்தவ. வடமலை அண்ணனக் கேள்விப்பட்டிருக்கியா? இல்லியா. ஒங்க பள்ளிக்கூடப் புஸ்தகத்துல எங்க இருக்கப் போறாரு.

மூணாம்பாலத் தோட்டம்னு ஒண்ணு இருந்துச்சு. இப்ப அங்க வீட்டக் கட்டிக் கடையக் கட்டிப் பேரையும் மாத்திட்டானுங்க. சப்பான்காரன் வர்றதுக்கு முந்தி அது வெள்ளக்காரத் தொர தோட்டம். கண்ணுக்கு எட்டின வரைக்கும் பால்மரம். எங்க வீடுங்க வரிசையா இருந்த லயத்துல இருந்து பெரிய கேட்டு வரைக்கும் ஒரே ஒரு செம்மண் சடக்கு. அந்தச் சடக்குல நம்மாளு சைக்கிள்ல போறப்ப எதிர்ல தொர வந்தா எறங்கணும். எறங்கி, சைக்கிள ஓரமாப் பிடிச்சுக்கிட்டு, தலப்பாவ அவுத்துக் கக்கத்துல வெச்சுக்கிட்டுத் தல குனிஞ்சு நிக்கணும். தொரயோட மோட்டார் காடி போயித் தூசி அடங்கற வரைக்கும் நிக்கணும். தூசி அடங்கறதுக்கு முந்தி ஏறினா அதுக்கும் அடி.

தொரசானி போனாலும் எறங்கணும். பக்கத்துத் தோட்டத்து வெள்ளக்காரப் பொடியன், மீச கூட முளைக்காதவன், அவன் போனாலும் எறங்கணும். என் மாமனாரு பேரன் பேத்தி எடுத்த மனுசன், அவனுக்கு எறங்கி நிப்பாரு. ஒரு நாளு தொர வீட்டு நாயி மட்டும் காடியில போச்சு தாயி, டிரைவரத் தவிர உள்ள மனுசரே இல்ல. அதுக்கும் எங்காளுங்க எறங்கி நின்னாங்க. நாயி சன்னல் வழியா எல்லாரையும் பாத்துக்கிட்டே போச்சு.

இதுல ஒண்ணு கேட்டுக்க. தொர வாயத் தொறந்து எறங்குன்னு சொன்னதே இல்ல. அதுக்குன்னு ஒரு ஆள வெச்சிருந்தான். மண்டோர் காத்தமுத்து. எங்களயெல்லாம் வேல மேய்க்கறவன். நம்ம தமிழன்தான், அதே லயத்துல பொறந்து அதே தண்ணியக் குடிச்சவன். கையில ரோத்தான் பெரம்பு. காடிச் சத்தம் கேட்டாப் போதும், முன்னால ஓடியாந்து, “எறங்கு! எறங்குடா டேய்!”னு கத்துவான். தொரைக்குக் கூட அவ்வளவு ரோசம் கெடையாது. சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்க மாட்டான்னு சும்மாவா சொன்னாங்க.

எங்க வீட்டுக்காரரு பேரு சன்னாசி. பேரச் சொல்லக் கூடாதுதான், இப்ப யாரு கேக்கப் போறா. அவரு பழைய சைக்கிள் ஒண்ணு வாங்கினாரு. சைக்கிள விட அவருக்கு அந்தப் பெல்லு மேலதான் உசிரு. பால்வெட்டு முடிஞ்சு வர்றப்ப முக்கு மரத்துக்கிட்ட ரெண்டு தடவ அடிப்பாரு. அதக் கேட்டதும் நான் கோப்பித் தண்ணிய அடுப்புல வெக்கணும். பாரு, ஒரு பெல்லுச் சத்தத்துல ஒரு குடும்பம் நடந்துச்சு.

வடமலை அண்ணனும் எங்கள மாதிரி பால் வெட்டறவருதான். ஒல்லியா, சத்தமே இல்லாமப் பேசுவாரு. கோழியக் கூட சூன்னு வெரட்டத் தெரியாது. அந்த மனுசன் ஒரு நாளு எறங்கல. காடி வருது, காத்தமுத்து கத்தறான், இவரு பாட்டுக்கு மிதிச்சுக்கிட்டுப் போறாரு. இழுத்துப் போட்டு அடிச்சான். எந்திரிச்சாரு, சைக்கிள நிமுத்தினாரு, ஏறினாரு. மறுபடி தள்ளினான். மறுபடி ஏறினாரு. நாங்கல்லாம் மரத்துக்குப் பின்னால நின்னு பாக்கறோம். கடைசியில காத்தமுத்துக்குத்தான் மூச்சு வாங்குச்சு. தொர காடியத் திருப்பிக்கிட்டு வேற வழியாப் போயிட்டான்.

அன்னைக்கு ஆரம்பிச்சது தாயி. மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால பந்தடிக்கற திடல்ல பொழுது சாயற நேரம் அண்ணன் எங்காளுங்களுக்குப் பழக்கிக் குடுத்தாரு. எதப் பழக்கினாருன்னு நெனைக்கற? எறங்காம இருக்க! சைக்கிள்ல ஒருத்தன உக்கார வெச்சு, காதுகிட்ட வந்து “எறங்கு!”ன்னு கத்துவாரு. கத்தினா கால் தானாத் தரையில போயிரும் எல்லாத்துக்கும். தலமுற தலமுறையாப் பழகின காலு, கேக்குமா? எங்க வீட்டுக்காரரு மொத நாளே எறங்கிட்டாரு. “ஏன்யா எறங்கின?”ன்னு கேட்டா, “நீங்க சொன்னீங்களேண்ணே”ங்கறாரு. திடலே சிரிச்சு உருண்டுச்சு.

அண்ணன் ஒரே ஒரு கட்டள வெச்சாரு. ரெண்டு கையும் ஹேண்டில்ல. அவ்வளவுதான். “அடிப்பான், வாங்கிக்க. வைவான், கேட்டுக்க. என்ன நடந்தாலும் ரெண்டு கையும் ஹேண்டில்ல இருக்கணும். கை அங்க இருந்தா அடிக்கப் போவாது. நாம ஒருத்தன அடிச்சுட்டா சைக்கிள் கதை போயிடும், அடிதடிக் கதை ஆயிடும்”னாரு. கேக்கறதுக்கு நல்லாத்தான் இருந்துச்சு. கேக்கறதுக்கு எல்லாந்தான் நல்லா இருக்கும்.

அந்த நாளு வந்துச்சு. எங்காளுங்க வரிசையா, ஒருத்தர் பின்னால ஒருத்தரா, மெதுவாச் சடக்குல போனாங்க. அந்தப் பக்கம் காத்தமுத்தும் கூலிக்கு வந்த தடியன்களும். பின்னால காடிக்குள்ள தொர. பொம்பளைங்க நாங்க ஓரத்துல நின்னோம். எங்க வீட்டுக்காரரு முறை வந்துச்சு. “எறங்குடா சன்னாசி!”ன்னான். இவரு எறங்கல. பெரம்ப ஓங்கினான். கண்ணு முன்னால பாத்தேன் தாயி. பெரம்பு வருது, இவரு ரெண்டு கையும் ஹேண்டில்ல. கையத் தூக்கித் தடுத்திருந்தாக் கையில பட்டிருக்கும், கை ஆறிப்போற சாமான். தூக்கல மனுசன்! அண்ணன் சொன்னாரேன்னு கல்லு மாதிரி உக்காந்திருந்தாரு. காதுல விழுந்துச்சு. அடுத்த அடி அந்தப் பக்கத்துக் காதுல விழுந்துச்சு.

ரெண்டு காதுலயும் ரத்தம். வீட்டுக்குக் கொண்டாந்து தொடச்சுவிட்டேன். சாயந்தரம் எந்திரிச்சு உக்காந்தாரு, சைக்கிள்கிட்ட போனாரு, பெல்ல அடிச்சாரு. அடிச்சாரு, மறுபடி அடிச்சாரு. என்னத் திரும்பிப் பாத்து, “பெல்லு கெட்டுப்போச்சு போல இருக்கே, பொன்னாச்சி?”ன்னாரு. லயம் முழுக்க அந்தச் சத்தம் கேக்குது. நான் அழுதேன். அழுத சத்தமும் அவருக்குக் கேக்கல.

பொன்னாச்சி நாந்தான். அன்னைக்கு ராவு நான் முடிவு பண்ணிட்டேன், இந்தக் காத்தமுத்துவ வுடப்போறதில்லன்னு.

அதுக்குள்ள அண்ணன் வந்தாரு. “சன்னாசி சைக்கிள் சும்மா நிக்கக் கூடாது தாயி, நீ ஓட்டறியா?”ன்னாரு. பொம்பள சைக்கிள் ஓட்டறதா! அந்தக் காலத்துல! நான் சரின்னேன். சேலைய முட்டி வரைக்கும் சொருகிக்கிட்டு, வாய்க்கா மேல இருக்கற பாலக்கட்டை மேல நின்னு ஏறி உக்காந்தேன். அண்ணன் பின்னால பிடிச்சுக்கிட்டு ஓடியாந்தாரு. விழுந்தேன், ஏறினேன், முழங்காலு தேஞ்சுபோச்சு. ரெண்டாம் நாளு அவரு கைய விட்டுட்டாரு, நான் பாட்டுக்குப் போறேன்! “அண்ணே, எறங்கறது எப்படி?”ன்னு கத்தினேன். “மரத்துல சாஞ்சுக்க, நாளைக்குச் சொல்லித் தர்றேன்”னாரு. அந்த நாளைக்குக் காலையில போலீஸ் மாத்தா வந்து அண்ணனப் பிடிச்சுக்கிட்டுப் போயி லோக்கப்புல போட்டுட்டான்.

அப்புறம் என்ன? நான் போனேன். தன்னந்தனியா. எங்காளுங்க பாதிப் பேரு லோக்கப்புல, பாதிப் பேரு கட்டுப் போட்டுப் படுத்திருக்காங்க. எதிர்ல தொர காடி. காத்தமுத்து ஓடியாந்தான். “ஏய், எறங்குடீ!”ன்னான். எப்படி எறங்கறது? எனக்கு எறங்கத் தெரியாதே! நெசமாத்தான் சொல்றேன். கால நிறுத்தினா விழுந்துருவேன், அதனால இன்னும் வேகமா மிதிச்சேன். நேரா காடி மேலயே போறேன். காத்தமுத்து வெலகிட்டான்! தொர பிரேக்கப் போட்டான், காடி ஓரத்துச் சாக்கடையில எறங்கிருச்சு. நான் போயிக்கிட்டே இருக்கேன். கோயில் அரசமரம் வந்தப்புறந்தான் சாஞ்சு நின்னேன்.

சடக்கோரமெல்லாம் சனம் கும்பிட்டுச்சு. பொன்னாச்சி எறங்கலடா, தொர எறங்கிட்டான்டான்னு ஒரே கூச்சல். தைரியசாலின்னா தைரியசாலின்னு இருந்துட்டுப் போறேன். நம்ம சனத்துக்கு ஒரு காரணம் வேணும், அவ்வளவுதானே. மறுநாளு இன்னும் நாலஞ்சு பொம்பளைங்க சைக்கிளோட வந்து பாலக்கட்டை மேல ஏறி நின்னாங்க. அடுத்த தோட்டத்துலயும் எறங்க மாட்டேன்னுட்டாங்க, அதுக்கு அடுத்ததுலயும். காலையில பேரு கூப்பிடற பெரட்டுக்கு ஆள் வரல, பால் மரத்துலயே ஒறஞ்சுது. கடைசியில கம்பெனிக்காரங்க மேல இருந்து உத்தரவு போட்டாங்க. இனிமே யாரும் எறங்க வேணாம்.

தொர எறங்கி வந்துட்டான்னு லயமெல்லாம் பறை அடிச்சாங்க. அந்த வார்த்தைய ஒரு வெள்ளக்காரனுக்கு அன்னைக்குத்தான் மொதமொதலாச் சொன்னோம்.

இங்க நல்லாக் கேளு, இதுதான் விசயம். அன்னைக்கு மத்தியானம் எல்லாரும் காத்தமுத்து வீட்டுக்குப் போனோம். பால் வாளி தூக்கற காண்டாக் கம்ப ஆளுக்கு ஒண்ணா எடுத்துக்கிட்டாங்க. நான் என் வீட்டுக்காரரோட பால்வெட்டற உளிய இடுப்புல சொருகிக்கிட்டு, சைக்கிளத் தள்ளிக்கிட்டுப் போனேன். அவன் வாசல்ல நிக்கறான். கையில பெரம்பு இல்ல. பின்னால பொண்டாட்டி, இடுப்புல பொட்டப் புள்ள ஒண்ணு, செண்பகம்னு பேரு. எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? வயிறு நெறஞ்சாப்புல இருந்துச்சு.

அப்பப் பாத்து அண்ணன் வர்றாரு. லோக்கப்புல இருந்து விட்டு நேரா வர்றாரு, சைக்கிள்ல. முன்பல்லு ரெண்ட உடச்சு அனுப்பியிருந்தானுங்க. சனம் வழி விட்டுச்சு. சரி, மொத அடிய அண்ணன் அடிக்கட்டும்னு நான் நெனச்சேன். அவரு காத்தமுத்துக்கு முன்னால வந்து, எறங்கினாரு. ஆமா தாயி, எறங்கினாரு! சைக்கிள ஓரமா நிறுத்தி, தலப்பாவ அவுத்துக் கக்கத்துல வெச்சுக்கிட்டு, “மண்டோரே, வெயிலு தாங்கல, ஒரு வா தண்ணி குடுங்க”ங்கறாரு. காத்தமுத்து அப்படியே உக்காந்து ஓன்னு அழுவறான். பொண்டாட்டிக்காரி சொம்புல தண்ணி கொண்டாந்தா. அண்ணன் அண்ணாந்து குடிச்சாரு. எங்காளுங்க கம்பெல்லாம் ஒண்ணொண்ணாக் கீழ போயிருச்சு.

எனக்கு வந்துச்சு பாரு ஆத்திரம்! “என்னண்ணே, இந்த நாயிக்குப் போயி எறங்கிட்டீங்களே!”ன்னு கத்தினேன். அவரு சிரிச்சாரு, பொக்க வாயோட. “எறங்குன்னு இன்னைக்கு யாரும் சொல்லலியே தாயி. யாரும் சொல்லாம எறங்கறதுக்குத்தானே இவ்வளவு அடி வாங்கினோம்”னாரு. இது ஒரு பேச்சா? நீயே சொல்லு. பொம்பள நான் எறங்காமப் போராடுவேன், தலவரு எறங்கித் தண்ணி வாங்கிக் குடிப்பாரா? இன்னி வரைக்கும் எனக்கு அது வெளங்கல.

உளிய அவரு பாத்துட்டாரு. இடுப்புல இருந்து உருவி வீசிட்டு, என் ரெண்டு கையையும் எடுத்து என் சைக்கிள் ஹேண்டில்ல வெச்சாரு. “இது இங்கதான் இருக்கணும். சத்தியம் பண்ணு”ன்னாரு. சனமெல்லாம் பாக்குது. என்ன பண்றது, பண்ணித் தொலைச்சேன்.

அப்புறம் சப்பான்காரன் வந்தான். தொர பொண்டாட்டிய, நாய எல்லாம் ஏத்திக்கிட்டுக் கப்பல் ஏறிட்டான். அண்ணன சயாம் ரயில் போடப் பிடிச்சுக்கிட்டுப் போனாங்க, போனவரு திரும்பல. இருந்திருந்தா நேராப் போயி, அண்ணே, அந்தச் சத்தியத்த வாபஸ் வாங்கிக்கங்கன்னு சண்ட போட்டிருப்பேன். செத்தவருகிட்ட பண்ணின சத்தியத்த யாருகிட்ட போயித் திருப்பிக் குடுக்கறது? மாட்டிக்கிட்டேன்.

சண்ட முடிஞ்சு வெள்ளக்காரன் திரும்பி வந்தான், வேற தொர. என் வீட்டுக்காரரு ஒரு நாளு கட்டு வெறகோட சடக்குல நடந்து வர்றாரு. பின்னால பால் லோரி. லோரிக்காரன் அடிச்ச ஆரன் அடுத்த லயத்துக்கே கேட்டுச்சு. அவருக்குக் கேக்கல. அவ்வளவுதான் தாயி. லோரிக்காரன் அழுதான், நான் அவன ஒண்ணும் சொல்லல. அவன் என்ன பண்ணுவான். இவரக் கொன்னது லோரியா? காதுல விழுந்த பெரம்புதானே கொன்னுச்சு? கணக்கு சரிதானே?

அப்பறந்தான் என் வேலைய ஆரம்பிச்சேன்.

தோட்டம் துண்டு துண்டா வித்துப்போச்சு. காத்தமுத்துக்கு மண்டோர் வேலையும் போச்சு, பவுசும் போச்சு. சடக்கோரமா ஒரு சின்ன வீட்டுல வந்து விழுந்தான். எனக்குப் பள்ளிக்கூடத்துல கூட்டற வேல. போவறதும் வர்றதும் அவன் வீட்டு வழியாத்தான். மாரியாத்தா கண்ணத் தொறந்துட்டான்னு நெனச்சேன்.

மொத நாளு. பெரம்பு நாற்காலியில சாஞ்சு உக்காந்து கோப்பி குடிச்சுக்கிட்டு இருந்தான். நான் அவன் வாசல்ல சைக்கிள நிறுத்தினேன். எறங்கல. ஒரு கால மட்டும் சாக்கடைக் கட்டையில ஊனிக்கிட்டேன். ரெண்டு கையும் ஹேண்டில்ல. கட்ட வெரல் மட்டும் பெல்லு மேல. கட்ட வெரலப் பத்தி அண்ணன் ஒண்ணும் சொல்லலியே! அடிச்சேன். ரெண்டு தடவ. அவன் பாத்தான். மறுபடி அடிச்சேன். அக்கம்பக்கத்துல எட்டிப் பாக்கறாங்க. அடிச்சுக்கிட்டே இருக்கேன், அவன் கோப்பி ஆறிப்போச்சு. அப்புறம் வெளங்கிருச்சு அவனுக்கு. டம்ளரக் கீழ வெச்சுட்டு எந்திரிச்சு நின்னான். தல குனிஞ்சு நின்னான். நான் தூசி அடங்கற வரைக்கும் இருந்தேன். தாரு போட்ட சடக்கு, தூசி ஏது? இருந்தாலும் அடங்கற வரைக்கும் இருந்தேன்.

அன்னையில இருந்து காலையில ஒரு தடவ, சாயந்தரம் ஒரு தடவ. ஒரு கெட்ட வார்த்த பேசினது இல்ல, ஒரு கல்லு வீசினது இல்ல. மழையா இருந்தாலும் நிப்பான், காச்சலா இருந்தாலும் தூணப் பிடிச்சுக்கிட்டு நிப்பான். செண்பகத்த நிச்சயம் பண்ண மாப்பிள்ள வீட்டுக்காரங்க வந்திருந்தாங்க. நான் அந்தப் பக்கம் போனேன், போக வேண்டிய வேலை எதுவும் இல்ல, இருந்தாலும் போனேன். பெல்லடிச்சேன். வெத்தல பாக்குத் தாம்பாளத்தோட சபையில எந்திரிச்சு நின்னான் பாரு! மாப்பிள்ள வீட்டுக்காரங்க நான் யாரோ பெரிய மனுசின்னு நெனச்சு அவங்களும் எந்திரிச்சுட்டாங்க. அன்னைக்கு ராத்திரி நான் பாயாசம் வெச்சுக் குடிச்சேன்.

அந்தச் செண்பகம் நல்ல பொண்ணு, பொய் சொல்லக் கூடாது. அவ அம்மா செத்தப்புறம் அவதான் அப்பன வெச்சுப் பாத்துக்கிட்டா. வாசல்ல வந்து நின்னு, “அத்த, ஒரு தடவ எறங்கி உள்ள வாங்க, ஒரு வா தண்ணி குடிங்க”ம்பா. அன்னைக்கு அவ அம்மா குடுத்த தண்ணி மந்திரம் மறுபடி பலிக்கும்னு நெனப்பு. எறங்க மாட்டேன்னேன். ஒரு நாளு சைக்கிளப் பிடிச்சுக்கிட்டு அழுதா. “அப்பாவுக்கு முட்டி தேஞ்சுபோச்சு அத்த, நிக்க முடியல. உங்க மனசு எறங்கவே எறங்காதா?”ன்னா. மனசு எறங்கணுமாம்! எறங்காதேன்னுதான் எனக்குச் சொல்லிக் குடுத்தது, அதுக்குத்தான் என் வீட்டுக்காரரு ரெண்டு காதையும் குடுத்தாரு. விடும்மா கையன்னேன், போயிட்டேன்.

வெள்ளக்காரத் தொரய ஏன் விட்டேன்னு கேக்கறியா? நீ கேக்கல, உன் மூஞ்சி கேக்குது. அவன எங்க போயித் தேடறது? கைக்கு எட்டினது இவன்தான்.

அப்புறம் அவனுக்குக் கண்ணுல புரை. ஆளு தெரியாது, சத்தந்தான். பெல்லுச் சத்தம் எது கேட்டாலும் எந்திரிச்சுருவான். பக்கத்து வீட்டுப் புள்ள சைக்கிளுக்கும் எந்திரிப்பான், ஐஸ்கிரீம்காரன் பெல்லுக்கும் எந்திரிப்பான். ஐஸ்கிரீம்காரன் பாவம், வேணுமா பெரியவரேன்னு நின்னு கேட்டுட்டுப் போவான். நான் முக்குல நின்னு பாத்துச் சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிச்சுப்போச்சு.

போன வாரம் அவனுக்கு வாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு. ஆஸ்பத்திரியில கொண்டுபோயிப் போட்டாங்க. நான் வழக்கம்போல போறேன், நாற்காலி காலியாக் கெடக்கு. அடிச்சுப் பாத்தேன், யாரும் எந்திரிக்கல. அன்னைக்குப் பூராவும் எனக்குக் கை ஓடல.

செண்பகம் வீட்டுக்கே வந்தா. அவ சொன்னதச் சொல்றேன் கேளு. வார்டுல சாப்பாட்டு வண்டி வருமாமே, மணியடிச்சுக்கிட்டு? அந்த மணி கேட்டா இவன் எந்திரிக்கப் பாக்கறானாம். காலு வராது, கையி வராது, பேச்சு கூட வரல, எந்திரிச்சு நிக்கப் பாக்கறான். ரெண்டு தடவ கட்டில்ல இருந்து விழுந்து மண்ட ஒடஞ்சுபோச்சு. இப்பத் துணியால கட்டில்லயே கட்டிப் போட்டிருக்காங்களாம். மணியடிச்சா கட்டோட திமுறறானாம். “நீங்க வந்து ஒரு வார்த்த சொன்னா அடங்குவாரு அத்த”ன்னா. அதச் சொல்லிட்டு என் கால்ல விழுந்தா.

கேட்டதும் எனக்கு நெஞ்சு குளுந்துச்சு. ஆமா, குளுந்துச்சு, எதுக்கு மறைக்கணும்? சாட்சாத் மாரியாத்தா குடுத்த கூலி. அப்புறம் ஏன் தூக்கம் வரலன்னு எனக்குத் தெரியல. வயசாச்சு, அதனால இருக்கும்.

அதான் வர்றேன். அவனப் பாக்கணும், கட்டிப் போட்டிருக்கறத என் கண்ணால பாக்கணும். இந்தா பாரு, பையில என்ன இருக்குன்னு. சைக்கிள்ல இருந்து கழட்டியாந்துட்டேன். என் வீட்டுக்காரரோட பெல்லு, அதே பெல்லு. காதுகிட்ட வெச்சு ரெண்டு அடி. அவன் திமுறணும், நான் பாக்கணும். கையால தொட மாட்டேன், சத்தியம் சத்தியந்தான். அது என்ன கீழயா? ஆரஞ்சு. அது எனக்குத்தான், பஸ்ல வாய் கசக்கும். அந்த டப்பாவா, ஓர்லிக்ஸ். அதுவும் எனக்குத்தான். பேசாம வா.

ஆ, வந்துருச்சு. தெரியுது பாரு, மஞ்சக் கட்டடம். சட்டியப் பிடி, ரெண்டு கையாலயும் பிடி.

கேட்டியா கண்டக்டர் கத்தறத? “பாட்டி, ஆஸ்பத்திரி, எறங்கு, எறங்கு!”ங்கறான். நேத்தும் இப்படித்தான் சொன்னான், முந்தாநேத்தும் சொன்னான். சொல்லாம இருந்தா எறங்கியிருப்பேனோ என்னமோ. எறங்குன்னு சொன்னதுக்கப்புறம் எப்படி எறங்கறது?

நீ போ தாயி. நில்லு, ஒரு நிமிசம் நில்லு. இந்தப் பைய எடுத்துக்க. ஆம்பள வார்டு, சன்னலோரக் கட்டிலு, செண்பகம்னு கேளு. ஆரஞ்ச அவகிட்ட குடு, ஓர்லிக்ஸ சுடுதண்ணியில கலக்கி ஸ்பூன்ல ஊத்தச் சொல்லு. பெல்ல அவன் கையில வெச்சுரு. அடிச்சுராத! அடிச்சா எந்திரிக்கப் பாப்பான். சும்மாக் கையில வெச்சுட்டு, காதுகிட்ட போயி, மூணாம்பாலத்துப் பொன்னாச்சி சொல்லச் சொன்னான்னு சொல்லு. என்ன சொல்லவா?

எந்திரிக்க வேணாம்னு சொல்லு.

நானா? அட, போ தாயி, பஸ்ஸ எடுத்துருவான். எனக்குத்தான் எறங்கத் தெரியாதுன்னு சொன்னேனே.